கம்பெனி சொல்வது 28, கையில் வருவது 19: சின்ன டீசல் காரின் மைலேஜ் எங்கே தொலைகிறது?

"வண்டி எவ்ளோ கொடுக்குது?"

புது கார் வாங்கினாலும் பழைய கார் வாங்கினாலும் தெருவில் முதலில் வரும் கேள்வி இதுதான். விலை, கலர், ஏசி எல்லாம் அதற்கப்புறம். பதில் சொல்பவர்களில் ஒருவர் "அசால்ட்டா 25 கொடுக்குது" என்பார். இன்னொருவர் "எங்க, 17ஐத் தாண்டவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்வார். இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே மாடல், ஒரே இன்ஜின். இரண்டு பேருமே பொய் சொல்லாமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் மாதிரி ஓர் ஊரில் இந்தக் கேள்வி வெறும் பெருமைக் கேள்வி கிடையாது. வேலைக்கும் ரயிலுக்கும் அரியலூர் போக வேண்டும். தாலுகா வேலை, கடை கண்ணி என்று ஜெயங்கொண்டம் போக வேண்டும். கல்யாண ஜவுளி எடுக்க மதனத்தூர் - நீலத்தநல்லூர் பாலத்தைத் தாண்டி கும்பகோணம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் தஞ்சாவூர் அல்லது திருச்சி. நாலு திசைக்கும் ஓட வேண்டிய ஊரில், டி.என்-61 நம்பர் பிளேட்டோடு நிற்கும் பழைய டீசல் ஸ்விஃப்ட்டும் டிசையரும் இன்றைக்கும் மவுசு குறையாமல் இருப்பதற்கு மைலேஜ் என்ற ஒற்றை வார்த்தைதான் காரணம்.

அந்த வார்த்தையின் விலை எவ்வளவு? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தினமும் போக வர 45 கி.மீ., மாதம் 25 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,125 கி.மீ. டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், விளம்பரத்தில் சொன்ன 28.4 கி.மீ. கிடைத்தால் மாதச் செலவு சுமார் 3,700 ரூபாய். நிஜத்தில் 18 தான் கிடைக்கிறது என்றால் 5,800 ரூபாய். வித்தியாசம் மாதம் 2,100. வருடத்துக்கு 25,000 ரூபாய்க்கு மேல். இ.எம்.ஐ. கணக்கை விளம்பர மைலேஜை நம்பிப் போட்டவருக்கு வருடத்துக்கு ஒரு தவணையாவது இதில் இடிக்கும்.

அந்த 28.4 எங்கிருந்து வந்தது?

முதலில் இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம ஊர் சின்ன டீசல் கார்களின் கதை 1998 டிசம்பரில் அறிமுகமான டாடா இண்டிகாவில் சூடு பிடித்தது. டாக்ஸி ஸ்டாண்டுகளில் அம்பாசடருக்குப் பக்கத்தில் வந்து நின்று, கடைசியில் அதன் இடத்தையே எடுத்துக்கொண்ட வண்டி அது. அடுத்த பெரிய மாற்றம், 2007-ல் ஸ்விஃப்ட்டுக்குள் வந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட். 1,248 சிசி. இதே இன்ஜின் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, பிரெஸ்ஸா, இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று கம்பெனி பேதமில்லாமல் உட்கார்ந்தது. 'இந்தியாவின் தேசிய டீசல் இன்ஜின்' என்று வண்டிப் பிரியர்கள் கிண்டலும் பெருமையுமாகச் சொல்வது இதைத்தான்.

இந்த இன்ஜினோடு வந்த ஸ்விஃப்ட்டின் அதிகாரபூர்வ மைலேஜைப் பாருங்கள். 2011 மாடலுக்கு 22.9. 2014-ல் சின்ன மாற்றத்தோடு வந்தபோது 25.2. 2018 மாடலுக்கு 28.4. இன்ஜினின் அளவும் சக்தியும் கிட்டத்தட்ட அப்படியே இருக்க, எண் மட்டும் 24 சதவீதம் ஏறிவிட்டது. வண்டியின் எடை குறைந்தது, கியர் அமைப்பிலும் இன்ஜினின் கம்ப்யூட்டரிலும் கைவைத்தார்கள், அதெல்லாம் நிஜம்தான். ஆனால் 2011 வண்டியும் 2018 வண்டியும் வைத்திருப்பவர்கள் ரோட்டில் பார்த்த வித்தியாசம் அந்த அளவுக்கு இல்லை. இரண்டுக்குமே பொதுவாகக் காதில் விழும் எண்கள் 17-லிருந்து 22-க்குள்தான். பரீட்சைக்கு வண்டியைத் தயார் செய்வதும் ரோட்டுக்குத் தயார் செய்வதும் முழுக்க ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

அந்தப் பரீட்சைக்குப் பெயர் எம்.ஐ.டி.சி., அதாவது 'இந்தியாவுக்காக மாற்றிய ஓட்டச் சுழற்சி'. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரியான நிலையங்கள் இதை நடத்துகின்றன. நம் ஓரகடத்திலும் இந்த மாதிரிச் சான்றிதழ் சோதனைகளுக்கான மத்திய அரசு மையம் ஒன்று இருக்கிறது. கார் ரோட்டுக்கே வராது. உருளைகள் மேல் நிறுத்தி, சக்கரம் மட்டும் சுற்றும். மொத்தம் 1,180 விநாடி, அதாவது 20 நிமிடத்துக்கும் குறைவு. ஓடுவது சுமார் 10.6 கி.மீ. சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீ. சுமார். முதல் பாதியில் வேகம் 50ஐத் தாண்டாது. கடைசிப் பகுதியில் ஒருமுறை 90ஐத் தொடும், அவ்வளவுதான். ஐரோப்பாவின் பழைய சோதனையில் இந்த உச்சம் 120 ஆக இருந்தது; நமக்காக 90 ஆகக் குறைத்தார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. நகரப் பகுதிச் சோதனையில் கார் நின்ற இடத்திலிருந்து 50 கி.மீ. வேகத்தை எட்ட 26 விநாடி எடுத்துக்கொள்கிறது. அந்த வேகத்தில் அரியலூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் நீங்கள் கிளம்பினால், பின்னால் வரும் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தே உங்களை ஓரங்கட்டிவிடும்.

ஏசி கிடையாது. ஏற்றம் இறக்கம் கிடையாது. காற்று எதிர்ப்பும் டயர் உராய்வும் உருளைகளில் கணக்குப்படி கொடுக்கப்படும். வண்டியில் இரண்டு பேர் எடைதான். மூணு பேரும் ஒரு மூட்டை அரிசியும் ஒரு தார் வாழைப்பழமும் ஏறாது. டீசலைக்கூட அளக்க மாட்டார்கள். புகைக்குழாயிலிருந்து வரும் வாயுக்களைப் பிடித்து, அதிலுள்ள கார்பனை வைத்து எவ்வளவு டீசல் எரிந்தது என்று கணக்கிடுவார்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அப்படிப் பார்த்தால் 28.4 என்ற மைலேஜ், கிலோமீட்டருக்கு 94 கிராம் புகை என்ற கணக்கின் மறுபக்கம்.

இது மோசடியா என்றால், இல்லை. எல்லா கார்களையும் ஒரே தராசில் நிறுத்த ஒரு பரீட்சை வேண்டும், அதற்கு இது போதும். ஸ்விஃப்ட்டையும் டியாகோவையும் ஒப்பிட உதவும். உங்கள் பட்ஜெட்டைப் போட உதவாது. இந்த வியாதி இந்தியாவுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. ஐரோப்பாவில் சோதனைச்சாலை எண்ணுக்கும் ரோட்டு எண்ணுக்கும் இடையிலான இடைவெளி 2001-ல் 9 சதவீத அளவில் இருந்தது. 2010-களின் நடுவில் அது 40 சதவீதத்தை ஒட்டிப் போய்விட்டது. கார்கள் பரீட்சையைப் படித்துக்கொண்டன. பிறகுதான் அங்கே சோதனை முறையையே மாற்றினார்கள். அமெரிக்காவோ 2008 மாடல்களிலிருந்தே ஏசி, அதிவேகம், குளிர் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துத்தான் எண்ணைப் போடுகிறது.

பக்கத்து மாநிலத்தில் ஒருவர் இதைச் சும்மா விடவில்லை. 2014-ல் ஃபோர்டு கிளாசிக் டீசல் கார் வாங்கிய ஒரு பெண், விளம்பரத்தில் லிட்டருக்கு 32 கி.மீ. என்று போட்டிருந்ததை எடுத்துக்கொண்டு திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். நிபுணர் ஒருவரை நியமித்து வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். கிடைத்தது 19.6. கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவு. அந்த எண் வெளி நிறுவனம் சோதித்தது, ஓட்டும் விதத்தைப் பொறுத்து மாறும் என்று நிறுவனத் தரப்பு வாதாடியது. 2022-ல் ஆணையம் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 'நிலைமைக்கேற்ப மாறும்' என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன சேதி. எட்டு வருடம் ஆனது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வேகத்தடை ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்

சரி, ரோட்டுக்கு வருவோம். 28-க்கும் 19-க்கும் நடுவில் உள்ள ஒன்பது கிலோமீட்டர் எங்கே போகிறது?

பெரும்பங்கு பிரேக்கில் போகிறது. 1,100 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போது, அந்த ஓட்டத்திலேயே சுமார் 150 கிலோஜூல் சக்தி சேர்ந்திருக்கும். பிரேக் மிதித்தால் அது முழுக்கச் சூடாகிப் போய்விடும். மறுபடி 60-க்கு வர அதே சக்தியை டீசலிலிருந்து எடுக்க வேண்டும். டீசலில் உள்ள சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் சக்கரத்துக்கு வந்து சேரும். கணக்குப் போட்டால், ஒருமுறை நிறுத்தி எடுக்க 10 முதல் 15 மில்லி டீசல். ரூபாயில் ஒன்றுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே.

அதாவது நம் கிராமச் சாலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒன்று, கோயில் திருப்பத்தில் ஒன்று, பெயிண்ட் அழிந்துபோய் கண்ணுக்கே தெரியாமல் ஒன்று என்று வரும் ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு ரூபாய் சுங்கம் வாங்குகிறது. போக வர முப்பது வேகத்தடை என்றால் நாளைக்கு முப்பது ரூபாய். 25 நாளைக்கு 750. மேலே சொன்ன மாதக் கணக்கில் 18-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசம் 830 ரூபாய்தான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

வேகத்தடைகள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றிய லாரிகள் ராத்திரி பகலாக ஓடும் மாவட்டம் இது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அவை இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்த ஒரு ரூபாயில் பாதியைத் திரும்ப வாங்க வழி உண்டு. 150 மீட்டருக்கு முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வண்டியை உருளவிட வேண்டும். அப்போது இன்ஜினுக்குள் டீசல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். கடைசி நிமிடம் வரை மிதித்துவிட்டு பிரேக்கில் ஏறி நிற்பவருக்கு இந்த இலவச ஓட்டம் கிடைக்காது.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருட்டினால் டீசல் மிச்சம் என்று அனுபவப்பட்ட டிரைவர்கள்கூடச் சொல்வார்கள். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும். கியரில் உருண்டால் அதுகூட வேண்டாம். இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுவது இன்னும் மோசம். இரண்டு மூன்று முறை மிதித்தால் பிரேக்கின் பவர் போய்விடும், பிறகு கல்லை மிதிப்பது போல இருக்கும். எதிரே கரும்பு டிராக்டர் வந்தால் கதை முடிந்தது.

அடுத்து ஏசி. இது கிலோமீட்டர் கணக்கில் டீசல் குடிப்பதில்லை, மணிக்கணக்கில் குடிக்கிறது. மணிக்கு 400 மில்லி கூடுதலாக இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அது அறுபது கிலோமீட்டரில் பரவிவிடும், பெரிதாகத் தெரியாது. கும்பகோணம் கடைத்தெருவில் மணிக்கு 15 கி.மீ. என்று நகரும்போது அதே 400 மில்லி பதினைந்தே கிலோமீட்டரின் தலையில் விழும். "ஹைவேல ஏசி போட்டாலும் ஒண்ணும் தெரியல, டவுன்லதான் அடி வாங்குது" என்று சொல்வார்களே, காரணம் இதுதான். சித்திரை வெயிலில் ஏசியை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் கட்டுரை இது இல்லை. வண்டியை நிழலில் நிறுத்துவதும், கிளம்பிய முதல் நிமிடம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றுவதும் போதும்.

வேகம் எதிர்ப்பக்கத்திலிருந்து தாக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60-ல் இருப்பதைவிட 100-ல் அது 2.8 மடங்கு. சின்ன டீசல் கார்கள் கடைசி கியரில் 50 முதல் 70 வரை நிதானமாக ஓடும்போதுதான் வாரி வழங்கும். அதனால்தான், விக்கிரமங்கலத்திலிருந்து காலை ஆறு மணிக்குக் காலி ரோட்டில் கும்பகோணம் போனவர் 24 பார்க்கலாம். பெரம்பலூரில் நாலுவழிச் சாலை ஏறி 110-ல் சென்னைக்குப் பறந்தவர் 17 பார்க்கலாம். ஹைவேயில் மைலேஜ் கூடும் என்ற பொதுக்கருத்து 80, 90 வரைதான் செல்லும்.

சிமென்ட் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது ஒரு தனி அனுபவம். பொறுமையாக 40-ல் அதன் பின்னாலேயே போனால் மைலேஜ் உண்மையில் நன்றாகவே வரும். தூசி குடிக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை. முந்தலாம் என்று ஏறி, எதிரே வண்டி வந்து பின்வாங்கி, மறுபடி ஏறி என்று நாலுமுறை செய்தால் டீசல் கரையும். 1.3 மல்டிஜெட்டில் டர்போ 2,000 சுற்றுக்கு மேல்தான் முழு பலத்தோடு இழுக்கும். நாலாவது கியரில் முக்க வைக்காமல் மூன்றாவதுக்கு இறக்கி ஒரே மூச்சில் முந்துவது பாதுகாப்புக்கும் நல்லது, டீசலுக்கும் நல்லது.

அந்தத் தூசி இன்னொரு வழியிலும் கணக்கு தீர்க்கும். ஏர் ஃபில்டர் அடைத்தால் டர்போவுக்குக் காற்று போதாது, இழுவை குறையும், கால் தானாக இன்னும் மிதிக்கும், கறுப்புப் புகை வரும். சர்வீஸ் புத்தகத்திலேயே 'தூசி மிகுந்த பகுதிகளில் முன்கூட்டியே மாற்றவும்' என்று இருக்கும். அரியலூர் பக்கம் ஓடும் வண்டிக்கு அந்த வரிதான் பொருந்தும். டயர் காற்றும் அப்படித்தான். டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் அளவு இருக்கும். மாதத்துக்கு இருமுறை, டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். இதைத் தாண்டி 'மைலேஜ் கூட்டும்' என்று விற்கும் காந்தம், மாத்திரை, சிப் எதற்கும் காசு செலவழிக்க வேண்டாம்.

உங்கள் வண்டியின் உண்மை எண்

மீட்டர் போர்டில் தெரியும் மைலேஜை நம்பலாமா? போக்கைப் பார்க்க நம்பலாம். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பல கார்களில் அது லிட்டருக்கு ஒன்று, இரண்டு கிலோமீட்டர் கூட்டித்தான் காட்டும்.

நம்பகமான வழி, டேங்க் ஃபுல் டு டேங்க் ஃபுல். பங்கில் தானாகக் கட் ஆகும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்குங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். டேங்க் காலியாகும் நிலைக்கு வந்ததும் அதே பங்க், முடிந்தால் அதே பம்ப்பில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை இப்போது ஏறிய லிட்டரால் வகுங்கள். டீசலில் ஒரு சிக்கல்: அது நுரைக்கும். நுரை மேலே வந்ததும் பம்ப் கட் ஆகிவிடும், டேங்க் இன்னும் நிறைந்திருக்காது. நுரை அடங்க ஒரு நிமிடம் பொறுத்து மெதுவாக விடச் சொல்லுங்கள். இரண்டு தடவையும் ஒரே மாதிரி செய்யுங்கள். பின்னால் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

"ஐநூறு ரூபாய்க்கு போட்டேன், நூறு கிலோமீட்டர்ல லைட் எரிஞ்சிடுச்சு" என்ற கணக்கு ஏன் செல்லாது? ஐநூறு ரூபாய்க்கு வருவது ஐந்தரை லிட்டர் கூட இல்லை. முள்ளிலும் நுரையிலும் ஒரு லிட்டர் தவறினால் இருபது சதவீதத் தவறு. 35 லிட்டரில் அதே ஒரு லிட்டர் மூன்று சதவீதம்தான். மூன்று டேங்க் தொடர்ந்து எழுதி வைத்து மொத்தமாக வகுத்தால் அதுவும் அடங்கிவிடும். போன் நோட்ஸில் தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றை மட்டும் எழுதினால் போதும். இதற்கு ஒரு ஆப் தேவையில்லை. அகலமான டயர், பெரிய அலாய் வீல் மாட்டியிருந்தால் கிலோமீட்டர் கணக்கே மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பங்கின் அளவிலேயே சந்தேகம் வந்தால், ஐந்து லிட்டர் முத்திரையிட்ட அளவுக் கலனில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஒவ்வொரு பங்கிலும் அது இருக்க வேண்டும். கேட்பது உங்கள் உரிமை, சண்டை போடத் தேவையில்லை.

எண் கிடைத்த பிறகு அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று. 12 கொடுக்கும் வண்டியை 14 ஆக்கினால் நூறு கிலோமீட்டருக்கு 1.2 லிட்டர் மிச்சம். 20 கொடுக்கும் வண்டியை 25 ஆக்கினால் மிச்சம் ஒரே லிட்டர். இரண்டு கூடியது, ஐந்து கூடியதைவிட அதிகம் மிச்சப்படுத்துகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் இந்தக் கண்கட்டு வித்தையைத்தான் எழுதினார்கள். 20-ஐத் தொட்ட பிறகு 25-க்காக உயிரைக் கொடுப்பதில் பெரிய காசு இல்லை. டவுனில் 12-க்கு இறங்கும் அந்த நேரங்களைக் கவனிப்பதில்தான் காசு இருக்கிறது.

இப்போது பழைய டீசல் வாங்கலாமா?

2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41. அந்த இடைவெளிதான் சின்ன டீசல் கார்களை ஓட வைத்தது. செவ்ரோலே பீட்டில் 936 சிசி டீசல் வந்ததும், 2015-ல் மாருதி வெறும் 793 சிசியில், இரண்டே சிலிண்டரில், 27.62 என்ற எண்ணோடு செலேரியோ டீசலை இறக்கியதும் அந்தக் காலத்தின் கணக்குதான். ஆனால் 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. இடைவெளி சுருங்கியது. செலேரியோ டீசல் இரண்டு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 வந்தபோது, புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளின் செலவு சின்ன காரின் விலைக்குத் தாங்காது என்று மாருதி டீசலையே விட்டுவிட்டது.

இப்போதைய கணக்கு: பெட்ரோல் 101, டீசல் 93 என்று கொள்வோம். பெட்ரோல் ஸ்விஃப்ட் நிஜத்தில் 16, டீசல் ஸ்விஃப்ட் நிஜத்தில் 20 என்றால், கிலோமீட்டருக்கு 6.30 ரூபாயும் 4.65 ரூபாயும். மிச்சம் 1.65. மாதம் 1,000 கி.மீ. ஓடினால் வருடத்துக்கு 20,000 ரூபாய் கைக்கு வரும். மாதம் 400 கி.மீ. என்றால் 8,000. திருச்சியிலோ சென்னையிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் அப்பா அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம் என்று ஓட ஒரு வண்டி வாங்கிப்போட நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம். பத்து வருடப் பழைய டீசல் வண்டியில் இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் இவற்றில் ஒன்று கைவிட்டாலே இரண்டு மூன்று வருட மிச்சத்தைத் தின்றுவிடும். இந்த ரகத்துக்கு நான் பெட்ரோல் வண்டியைத்தான் சொல்வேன்.

பெட்ரோலிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய பெட்ரோல் கார்களில் இதனால் மைலேஜ் 6 - 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. 16 கொடுத்த வண்டி 15-க்கு வரும். மாதம் 400 கி.மீ. ஓடுபவருக்கு இது பெரிய தொகை இல்லை, 1,500 கி.மீ. ஓடுபவருக்கு டீசல் பக்கம் தராசு இன்னும் கொஞ்சம் சாயும். தினமும் அரியலூருக்கோ ஜெயங்கொண்டத்துக்கோ போய்வருபவர், வாரம் ஒருமுறை திருச்சி போகும் வியாபாரி, இவர்களுக்கு நல்ல நிலையில் உள்ள பி.எஸ்-4 டீசல் இன்றும் லாபம்தான். நல்ல நிலையில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஆர்.சி.யையும் பாருங்கள்: 2012-ல் பதிவான வண்டிக்கு 2027-ல் 15 வருடம் முடிகிறது. அதன்பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் "அண்ணே, கண்ணை மூடிட்டு 24 கொடுக்கும்" என்றால் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதில் மைலேஜ் தெரியாது. தெரிய வேண்டியது வேறு. காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். முதல் சாவியில் சட்டென்று எடுக்கிறதா, வெள்ளைப் புகை நிமிடக்கணக்கில் நிற்கிறதா, மிதித்தால் கறுப்பாகத் தள்ளுகிறதா, நீலம் தட்டுகிறதா என்று பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, அந்த வண்டி வேண்டாம். மற்றபடி எல்லாம் சரியாக இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் டீசல் பம்ப் வேலை தெரிந்த ஒரு கடைக்கு ஓட்டிப்போய் இன்ஜெக்டர்களின் திரும்பு டீசலை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நாலு சிறு பாட்டில்களை மாட்டி இன்ஜினை ஓடவிட்டால், எந்த இன்ஜெக்டர் மட்டும் கூடுதலாகத் திருப்பி அனுப்புகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.